விமான என்ஜினில் ரேஸ் கார்! பட்டறைப் பையன் ஹோண்டாவின் கதை

நம்ம ஊர் ரோட்டு ஓரத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும். "ஹோண்டா" என்று பெயர் எழுதிய வண்டிகள் எத்தனையோ கண்ணில் படும். அது ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. ஊரும் இல்லை, பேரும் புனைப்பெயர் இல்லை. ஒரு ஆளின் பெயர். முழுப்பெயர் சோயிச்சிரோ ஹோண்டா.

இவர் மோட்டார் சைக்கிள் செய்து கோடீசுவரர் ஆனது பலருக்கும் தெரியும். அதற்கு வெகு காலம் முன்பே, சம்பளம் கூட இல்லாத பட்டறைப் பையனாக இருந்தபோது, கூட்டாளிகளோடு சேர்ந்து ரேஸ் கார் கட்டினார். அந்தக் கதைதான் இது.

எண்ணெய் வாசனை

1906-ம் ஆண்டு நவம்பர் மாதம் 17-ந் தேதி ஜப்பானில் ஹமமட்சு நகரத்துப் பக்கம் கோம்யோ என்ற கிராமத்தில் ஹோண்டா பிறந்தார். அப்பா கிஹே, கொல்லுப்பட்டறை வைத்து இருந்தார். பிறகு சைக்கிள் ரிப்பேரும் பார்த்தார். அம்மா நெசவு நெய்வார். பையனுக்குப் படிப்பில் மனசு போகவில்லை.

ஒருநாள் கிராமத்துக்குள் மோட்டார் கார் ஒன்று வந்தது. ஹோண்டா பார்த்த முதல் கார் அது. பின்னாலேயே ஓடினான் பையன். கார் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டி இருந்தது. குனிந்து அதை முகர்ந்து பார்த்து, கையிலும் பூசிக் கொண்டான். அந்த வாசனையைக் கிழவராகும் வரை அவர் மறக்கவில்லை.

1922-ம் ஆண்டு டோக்கியோவுக்கு ரெயில் ஏறினார். "ஆர்ட் ஷோக்காய்" என்ற கார் ரிப்பேர் பட்டறையில் வேலை. முதலாளி பெயர் யூசோ சக்கக்கிபாரா. கையில் ஸ்பேனர் கொடுப்பார்கள் என்று போனவருக்கு, முதலாளியின் குழந்தையைத் தூக்கி வைத்துக் கொள்ளும் வேலைதான் கிடைத்தது! மாதக்கணக்கில் குழந்தையும் துடைப்பமுமாகக் காலம் போயிற்று. ஓடிவிடலாமா என்று கூட யோசித்தார். அப்பா முகத்தை நினைத்துக் கொண்டு இருந்துவிட்டார்.

பூகம்பம்

1923-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி பகல் நேரத்தில் டோக்கியோவைப் பயங்கர பூகம்பம் குலுக்கியது. ஊர் முழுக்கத் தீ. பட்டறையிலும் தீ பிடிக்கப் போகிறது. ரிப்பேருக்கு வந்த கார்களை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு முன்பு கார் ஓட்டியே அறியாத ஹோண்டா, ஒரு காரில் ஏறி உட்கார்ந்து, அலறி ஓடும் ஜனக் கூட்டத்துக்கு நடுவே ஓட்டிக் கொண்டு போய்விட்டார்.

பட்டறை எரிந்து போயிற்று. பழைய தொழிலாளர்கள் பெரும்பாலோர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது முதலாளி, அவர் தம்பி ஷின்னிச்சி, ஹோண்டா, இன்னும் ஒன்றிரண்டு பையன்கள். ஆள் குறைந்தது ஹோண்டாவுக்கு நல்லதாகப் போயிற்று. துடைப்பம் போய், கைக்கு ஸ்பேனர் வந்தது. தீயில் வெந்த கார்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தார்கள்.

82 மோட்டார் சைக்கிளுக்குச் சமம்

முதலாளிக்கு ரேஸ் பைத்தியம் உண்டு. தம்பியையும் பையன்களையும் கூட்டிக் கொண்டு ரேஸ் கார் கட்ட ஆரம்பித்தார். முதல் கார் "ஆர்ட் டெய்ம்லர்". இரண்டாவது கார்தான் பெயர் வாங்கியது.

அதன் என்ஜின் எங்கே இருந்து வந்தது தெரியுமா? ஆகாயத்தில் இருந்து! "கர்ட்டிஸ்" என்ற அமெரிக்க விமானத்தின் பழைய என்ஜின் அது. அதை "மிட்செல்" என்ற அமெரிக்கக் காரின் சேசிஸ் மேல் உட்கார வைத்தார்கள். அந்த என்ஜினுக்கு 8 சிலிண்டர். சுமார் 8,200 சி.சி. நம்ம ஊர் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் 82-ஐ ஒன்றாகக் கட்டினால் வருகிற அளவு. ஆனால் பலம் 90 குதிரை சக்திதான். நிமிஷத்துக்கு 1,400 சுற்றுதான் சுற்றும்.

விமான என்ஜினைக் காரில் வைப்பது, யானையைக் கொண்டு வந்து வண்டியில் பூட்டுகிற மாதிரி. இழுக்கும், ஆனால் சொன்னபடி கேட்குமா?

விமானத்தில் அது ஒரே சீராக ஓடும். ரேஸ் காரில் வளைவுக்கு வளைவு அடங்க வேண்டும், உடனே சீற வேண்டும். விமானத்தில் முன்னால் சுழலும் விசிறியே கனமான சக்கரம் போல என்ஜினைத் தடங்கல் இல்லாமல் சுற்ற வைக்கும். விசிறியைக் கழற்றினால் அந்த வேலைக்கு வேறு சக்கரம் மாட்ட வேண்டும். விமானத்துக்கு கிளட்ச் தேவை இல்லை, காருக்கு வேண்டும். மேலே காற்று சும்மா கிடைக்கும். தரையில் ரேடியேட்டர் சரியாக இல்லாவிட்டால் தண்ணீர் கொதித்துவிடும். மொத்த எடையும் மூக்கில் ஏறிக்கொள்வதால் திருப்பும்போது வண்டி அடங்காது.

இதற்கெல்லாம் கடைக்குப் போய்ப் பார்ட்ஸ் வாங்க முடியாது. பகலில் ரிப்பேர் வேலை, அது முடிந்த பிறகு ரேஸ் கார் வேலை. அரத்தையும் சுத்தியலையும் வைத்துக் கொண்டு மாட்டிப் பார்ப்பது, ஓட்டிப் பார்ப்பது, கழற்றுவது. ஹோண்டா பிற்காலத்தில் படிப்பாளி என்ஜினீயர்களைக் கூடத் திட்டித் தீர்ப்பாராம். ஒரு பொருளைக் கையால் தொட்டுப் பார்க்காமல் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அந்தக் குணம் இந்த ராத்திரிகளில் வந்ததுதான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

முதல் பரிசு

1924-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி சுருமியில் 5-வது ஜப்பான் மோட்டார் கார் ரேஸ். முதலாளியின் தம்பி ஷின்னிச்சி ஓட்டினார். பக்கத்து சீட்டில் மெக்கானிக்காக ஹோண்டா. அந்தக் காலத்து ரேஸ் கார்களில் மெக்கானிக்கும் ஏறிப் போவது வழக்கம். என்ஜின் சத்தத்தில் கோளாறு தெரிகிறதா, பின்னால் யார் நெருங்குகிறார்கள் என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ஹோண்டாவுக்கு 18 வயது முடிந்து ஆறே நாள்.

கர்ட்டிஸ் கார் முதல் ஓட்டத்திலேயே முதல் பரிசைத் தட்டிக் கொண்டு போயிற்று!

தம்பி

1928-ம் ஆண்டு முதலாளியின் ஆசியோடு ஹமமட்சுவில் கிளைப் பட்டறை திறந்தார் ஹோண்டா. கார் சக்கரத்துக்கு மரக் கம்பிகளுக்குப் பதிலாக இரும்புக் கம்பி செய்து காப்புரிமை வாங்கினார். அது இந்தியா வரை விற்பனைக்கு வந்தது. கையில் பணம் புரண்டது. மறுபடியும் ரேஸ் ஆசை.

இந்தத் தடவை போர்டு என்ஜின். அதோடு "சூப்பர்சார்ஜர்" என்ற கருவி. என்ஜின் தானாக மூச்சு இழுப்பதற்குப் பதிலாக, காற்றை அமுக்கி உள்ளே திணிப்பது இதன் வேலை. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், வேகமும் கூடும். சூடும் கூடும், அதுதான் தலைவலி.

1936-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி. டோக்கியோ பக்கம் தாமாகாவா ஆற்றங்கரையில் புதிய ரேஸ் மைதானம். ஹோண்டா ஓட்டினார். பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்தவர் சொந்தத் தம்பி பெஞ்சிரோ.

பாய்ந்து போய்க் கொண்டு இருந்த கார், பாதையில் வந்த இன்னொரு கார் மீது மோதியது. ஒரு கணம்தான். கார் புரண்டது. அண்ணனும் தம்பியும் வெளியே தூக்கி எறியப்பட்டார்கள். அந்தக் கணத்தை யாரோ புகைப்படம் எடுத்து இருக்கிறார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும்.

ஹோண்டாவுக்கு முகத்திலும் கையிலும் காயம். தம்பிக்கு முதுகெலும்பு முறிந்தது. இந்த விபத்தை ஹோண்டாவின் வீரத்துக்கு அடையாளமாக எழுதுகிறவர்கள் நிறைய. ஆனால் அதிக விலை கொடுத்தது தம்பி அல்லவா? அவரைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்தி விடுகிறார்கள். பெஞ்சிரோ தேறி எழுந்தார். பின்னாளில் அண்ணன் கம்பெனியிலேயே பெரிய பொறுப்பும் வகித்தார்.

ஹோண்டாவுக்குக் கலியாணம் ஆகி ஒரு வருஷம் கூட ஆகவில்லை. வீட்டில் மனைவி சாச்சி. கொஞ்ச நாளில் ரேஸ் ஓட்டுவதை விட்டுவிட்டார்.

50-ல் மூன்று

அடுத்து பிஸ்டன் ரிங் செய்யப் புகுந்தார். வார்த்து வார்த்துப் பார்த்தும் சரியாக வரவில்லை. வெட்கத்தை விட்டு, 30 வயதில் ஹமமட்சு தொழில்நுட்பக் கல்லூரியில் போய் உட்கார்ந்தார். இரும்பில் சிலிக்கான் போதவில்லை என்று அங்கேதான் தெரிந்தது. பரீட்சை எழுதவில்லை, அதனால் பட்டம் கிடைக்கவில்லை. டொயோட்டாவுக்குக் கொடுத்த 50 ரிங்குகளில் தேறியது மூன்றே மூன்று!

யுத்தம் முடிந்ததும் ராணுவ ஒயர்லெஸ் கருவிகளுக்கான குட்டி என்ஜின்களை வாங்கி சைக்கிளில் மாட்டினார். முதல் வண்டிக்கு பெட்ரோல் டாங்கி எது தெரியுமா? ஒத்தடம் கொடுக்கிற வெந்நீர்ப் போத்தல்! 1948-ம் ஆண்டு கம்பெனி பிறந்தது.

ரேஸ் ஆசை மட்டும் போகவில்லை. 1959-ம் ஆண்டு இங்கிலாந்து பக்கத்து மான் தீவு மோட்டார் சைக்கிள் ரேசுக்கு ஆட்களை அனுப்பினார். கிடைத்தது 6-வது இடம். 1961-ல் 125 சி.சி., 250 சி.சி. இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டாவுக்கே! 1965-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி மெக்சிகோவில் பார்முலா-1 ரேசில் ஹோண்டா கார் முதலாவதாக வந்தது. ஓட்டியவர் அமெரிக்கர் ரிச்சி கிந்தர்.

1973-ம் ஆண்டு தலைவர் பதவியை விட்டு இறங்கினார். 1991-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந் தேதி காலமானார். வயது 84. தனக்குக் கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு வைக்கக் கூடாது, ரோட்டில் போக்குவரத்து நெரிசல் ஆகிவிடும் என்று முன்பே சொல்லி வைத்து இருந்தார்.

அந்தக் கர்ட்டிஸ் கார் இன்னும் இருக்கிறது. ஜப்பானில் மொட்டேகி என்ற ஊரில் உள்ள ஹோண்டா காட்சிசாலையில் நிறுத்தி வைத்து இருக்கிறார்கள்.