கோழிக் கட்டிக்கு 55 வருஷம் கழித்து நோபல்

ரிவ்யூவில் உங்க ப்ராஜெக்டை யாருமே கண்டுக்கலைன்னா எத்தனை நாள் புலம்புவீங்க? பெய்டன் ரௌஸ் கதையைக் கேளுங்க.

1879-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் படிக்கும்போது, பிரேதப் பரிசோதனையில் காசநோய் பாதித்த எலும்பு விரலைக் கிழித்துவிட, அவருக்கும் அந்த நோய் தொற்றியது. படிப்பை நிறுத்திவிட்டு டெக்சாஸ் பண்ணையில் ஒரு வருஷம் மாடுகளோடு இருந்தார். (இயர் பிரேக் ஆனவங்க கவனிக்க!)

1909-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் இன்ஸ்டிடியூட். நெஞ்சில் கட்டியோடு ஒரு கோழி அவரிடம் வந்து சேர்ந்தது. கட்டியை அரைத்தார், செல்லோ பாக்டீரியாவோ நுழைய முடியாத வடிகட்டியில் வடித்தார், அந்தத் தண்ணீரை வேறு கோழிக்கு ஊசி போட்டார். அதற்கும் கட்டி வந்தது! செல்லே இல்லாமல் புற்றுநோய் பரவுதுன்னா, காரணம் வைரஸாகத்தான் இருக்கணும். 1911-ல் கட்டுரை வந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கல; கோழிக்கு வருவது மனுஷனுக்கு எப்படிப் பொருந்தும் என்ற சந்தேகம். எலியில் அவரே முயன்று பார்த்தார், கிடைக்கல. 1915 வாக்கில் விட்டுட்டார்.

சும்மா இருக்கல. ரத்தத்தை சிட்ரேட், குளுக்கோஸ் சேர்த்துப் பாதுகாக்கும் முறையை டர்னரோடு சேர்ந்து கண்டுபிடித்தார். முதல் உலகப்போரின் ரத்த வங்கிக்கு அதுதான் அடிப்படை. 1930-களில் முயல் கட்டி வழியாகப் புற்றுநோய்க்கே திரும்பினார்.

நோபல் வந்தது 1966-ல், 87 வயதில். மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின் 1963-லேயே வாங்கிவிட்டார்! 1970-ல் ரௌஸ் இறந்தார்.

கதையின் சுவையே இதுக்கப்புறம்தான். ஜீன் மாற்றத்தால் புற்றுநோய் வருகிறது என்பதை நோபல் உரையிலும் அவர் ஏற்கவில்லை. 1976-ல் பிஷப், வார்மஸ் குழு பார்த்தபோது, அவருடைய வைரஸில் இருந்த புற்றுநோய் ஜீனான 'சார்க்', சாதாரணக் கோழியின் செல்லிலிருந்தே வைரஸ் தூக்கிக்கொண்டு போனது!

அந்த ஜீன் உருவாக்கும் புரதத்தின் வேலை என்ன? மற்ற புரதங்களின் டைரோசினில் பாஸ்பேட்டை ஒட்டுவது. அதாவது டைரோசின் கைனேஸ். பாஸ்பேட் ஒட்டினால் ஸ்விட்ச் ஆன், கழற்றினால் ஆஃப். சார்க் செல்லுக்குள்ளேயே இருப்பது. அதே வேலையைச் செய்யும் இன்னொரு குடும்பம் செல் சவ்வில் ஆன்டெனா மாதிரி நிற்கிறது: ரிசெப்டர் டைரோசின் கைனேஸ்கள். வெளியே வளர்ச்சி சிக்னல் வந்து ஒட்டியதும் இரண்டு ஆன்டெனாக்கள் ஜோடி சேர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். செய்தி உட்கருவரை போகும். நம்ம இன்சுலின் ரிசெப்டரும் இந்தக் குடும்பம்தான். அது முன்பே ஜோடியாக இருக்கும்.

சிக்னலே வராமல் ஸ்விட்ச் ஆனிலேயே மாட்டிக்கொண்டால்? செல் பெருகிக்கொண்டே போகும். ரௌஸின் கோழியில் சார்க் செய்தது அதுதான். நுரையீரல் புற்றுநோய்க்கு இன்று கொடுக்கும் ஜெஃபிடினிப், எர்லோடினிப் மாத்திரைகள் இந்த ரிசெப்டர் குடும்பத்தின் ஒரு ஸ்விட்சைத்தான் அடைக்கின்றன.