நாடகம் பயிற்றிய நல்லாசான்

யூஜீன் ஓநீல் என்னும் நாடகாசிரியரின் பெயரை ஆங்கில இலக்கியம் கற்கும் நம் மாணாக்கர் நன்கறிவர். அவர்க்கு ஆசானாய் விளங்கிய ஜார்ஜ் பியர்ஸ் பேக்கரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பேக்கர் 1866-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்துப் பிராவிடென்ஸ் நகரிற் பிறந்தார். ஹார்வர்டு சர்வகலாசாலையில் 1887-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே அங்கு உபாத்தியாயராக அமர்ந்தார். முதற்கண் அவர் போதித்தது வாதம் புரியும் முறை; அதுபற்றி 1895-இல் ஒரு நூலும் வெளியிட்டார். வாதத்தில் வல்லவர் நாடகத்திற் புகுந்தது வியப்பன்று. இரண்டும் சபையின் முகமறிந்து செய்யுந் தொழில்களன்றோ!

நாடகம் எழுதுந் திறன் பிறவியிலேயே அமைவது, வகுப்பிற் கற்பிக்கலாகாதது என்று கருதினோர் அக்காலத்துப் பலர். ஆயினும் பேக்கர் அதற்கென ஒரு வகுப்பு நடத்தினார். அவர் மாணாக்கராகிய எட்வர்டு ஷெல்டனின் 'சால்வேஷன் நெல்' 1908-இல் நியூயார்க்கில் அரங்கேறிப் புகழடைந்தது.

எனினும் ஏட்டளவில் நிற்கும் நாடகம் நாடகமன்று என்பது அவர் துணிபு. ஆகவே 1912-இல், வகுப்பின் எண்ணையே பெயராகக் கொண்டு, '47 பட்டறை' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். ஆங்கு ஒருவர் எழுதியதைப் பிறர் நடித்தனர், சிலர் திரை தீட்டினர், சிலர் உடை தைத்தனர், சிலர் விளக்கமைத்தனர். தாம் அழகென்றெண்ணி எழுதிய வசனம் நடிகர் நாவில் இடறுவதையும், தச்சர் கைக்கு அடங்காத காட்சி வீணாவதையும் ஆசிரியர் நேரிற் கண்டு திருத்தினர். கட்டணமின்றி அழைக்கப்பெற்ற அவையோர் தம் கருத்தை எழுதித் தரல் வேண்டுமென்பது விதி. எழுதியவர் பெயர் நீக்கி அவற்றை ஆசிரியரிடம் கொடுப்பது பேக்கரின் வழக்கம். தாட்சணியமற்ற அவ்விமரிசனத்தைப் பொறுக்கும் மனத்திண்மையும் பாடத்தின் ஒரு கூறேயாயிற்று என்பது எம் கருத்து.

இம்முறை எல்லார்க்கும் பொருந்தியதென்று கூறோம். ஓநீல் 1914-15-இல் ஓராண்டே அவரிடம் பயின்றார். தாமஸ் உல்ஃபின் நாடகமொன்று 1923-இல் பட்டறையில் நடிக்கப்பெற்றது. மிக நீண்டிருந்தமையால் அவையோர் சலிப்புற்றனர். உல்ஃப் பின்னர் நாவலாசிரியராகிப் புகழ்பெற்றார். தம் பழைய ஆசானை ஒரு நாவலில் நையாண்டியும் செய்தார்!

ஹார்வர்டு தலைவர்களோ இதனைக் கல்வியாக முழுதும் ஏற்றிலர். தனி அரங்கம் வேண்டுமென்று பேக்கர் பன்னாள் முயன்றும் பலிக்கவில்லை. அண்டையிலிருந்த ராட்கிளிஃப் மகளிர் கலாசாலையின் மேடையையே பட்டறை நம்பியிருந்தது. எட்வர்டு ஹார்க்னெஸ் என்னும் செல்வர் யேல் சர்வகலாசாலைக்குப் பத்து லட்சம் டாலர் வழங்கவே, நாற்பதாண்டுக்குச் சற்றுக் குறையத் தாம் பணியாற்றிய இடத்தை விட்டு 1925-இல் பேக்கர் யேலுக்குச் சென்றார். அறுபதை எட்டும் வயதில் எளிதில் துணியத்தக்க செயலோ இது? அங்கே 1926-இல் அரங்கம் திறக்கப்பெற்றது. எழுதுவோரும், நடிப்போரும், காட்சியமைப்போரும் ஒருங்கே பயின்றனர்.

1933-இல் ஓய்வு பெற்ற பேக்கர் 1935 ஜனவரியிற் காலமானார். மறு ஆண்டு ஓநீல் நோபல் பரிசு பெற்றார். ஹார்வர்டு தன் மாணாக்கர்க்கென லோப் நாடக அரங்கத்தைத் திறந்தது 1960-இல். அப்போது பேக்கர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.