செந்திராட்சைத் தோட்டமும் வான் கோவும்

மன்னார்த் தீவின் தாராபுரம் போன்ற ஊர்களில் வாழ்வோருக்குச் சோளகக் காற்றின் வலிமையை எடுத்துரைக்கத் தேவையில்லை. அத்தகைய காற்றில், திறந்த வெளியில் நின்று ஒருவர் எண்ணெய் வர்ண ஓவியம் தீட்ட முடியுமா? தென்பிரான்ஸின் ஆர்ல் நகரில் 1888ஆம் ஆண்டு வின்சன்ட் வான் கோ அதைத்தான் செய்தார். அங்கு வீசுவது மிஸ்ட்ரல் எனும் வடகாற்று. ஓவியத் தாங்கியின் கால்களை இரும்பு முளைகளோடு கயிற்றால் பிணைத்து, நிலத்தில் அறைந்துவிட்டே அவர் தூரிகையை எடுத்தார். எண்ணெய் வர்ணமோ எளிதில் உலராதது. நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கன் கடற்கரையில் 1882இல் அவர் வரைந்த படத்தில், அன்று காற்று வாரியிறைத்த மணற்துகள்கள் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

1853 மார்ச் 30ஆம் திகதி நெதர்லாந்தில் ஒரு மதபோதகரின் மகனாகப் பிறந்தவர் வான் கோ. ஓவிய வணிக நிலையம், பாடசாலை, பெல்ஜிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே போதகப் பணி என எதிலும் அவர் நிலைக்கவில்லை. 1880இல், 27ஆவது வயதில்தான் ஓவியனாவதென முடிவெடுத்தார். தம்பி தியோ அனுப்பிய பணமே அவரது சீவியத்துக்கும் வர்ணங்களுக்கும் ஆதாரமாயிற்று.

1888 ஒக்டோபர் தொடக்கத்தில் ஆர்ல் அருகே, வயல் நடுவே நின்று 'பச்சைத் திராட்சைத் தோட்டம்' எனும் ஓவியத்தைத் தீட்டினார். அம்மாத இறுதியில், தம்மோடு தங்க வந்திருந்த ஓவியர் போல் கோகனுடன் மாலை உலாச் சென்றபோது வேறொரு தோட்டத்தைக் கண்டார். மழை ஓய்ந்திருந்தது. இலைகள் செந்நிறம் கொண்டிருந்தன. அந்தி வெயிலில் ஈரநிலம் ஊதாவாய் மின்னியது. அப்போது அவரிடம் தூரிகை இல்லை. கண்டதை மனத்தில் சுமந்து வந்து, நவம்பரில் வீட்டிலிருந்தபடியே தீட்டினார். நினைவிலிருந்து வரையுமாறு தூண்டியவர் கோகன். இயற்கையை நேரில் பார்த்தே வரையும் வழக்கமுடைய வான் கோவுக்கு அது கடினமான சோதனை.

எனினும், செந்திராட்சைத் தோட்டமே இரண்டில் உயர்ந்தது என்பது எமது எண்ணம். கண்ணெதிரே இல்லாத நிலம் மனத்தில் மங்கிவிடும் என்பது எப்போதும் உண்மையன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக் குடிசைகளில் வாழ்ந்த முஸ்லிம்கள் இதை அறிவர். விட்டுவந்த கிணற்றையும் பனையையும் அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிய விதத்தில் நிறம் குன்றவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் கோகனுடன் பிணக்குற்று, மனம் கலங்கித் தன் காதையே வெட்டிக்கொண்டார் வான் கோ. பின்னர் ஓராண்டு மனநோய் மருத்துவமனையில் கழிந்தது.

1890இன் தொடக்கத்தில் பிரசல்ஸ் கண்காட்சியில் செந்திராட்சைத் தோட்டம் இடம்பெற்றது. பெல்ஜிய ஓவியர் அன்னா போக் அதனை 400 பிராங்குக்கு வாங்கினார். வாழ்நாளில் அவர் விற்ற ஒரே படம் இதுவே என்பர். வேறு சில சிறு விற்பனைகளும் இருந்தமையால் அக்கூற்று முற்றிலும் சரியன்று. ஆனால் சுமார் 860 எண்ணெய் வர்ண ஓவியங்கள் தீட்டியவருக்கு இது எம்மட்டு?

சில மாதங்களில், ஜூலை 29ஆம் திகதி, துப்பாக்கிக் காயத்தால் 37ஆவது வயதில் அவர் மறைந்தார். தியோவும் ஆறே மாதங்களில் காலமானார். 1909இல் ரஷ்யச் செல்வந்தர் இவான் மொரோசோவ் வாங்கிய அந்த ஓவியம், புரட்சிக்குப் பின் அரசுடைமையாகி, மொஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.