பனியன்று, பறவை!

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

பறவை ஓவியர் என்று உலகம் போற்றும் ஜான் ஜேம்ஸ் ஆடுபன் ஒரு பெரும் வேட்டைக்காரர் என்றால் நம்புவீர்களா? அவர் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது நானும் நம்பவில்லை. படித்து முடித்தபின், அவர் வாழ்வின் திருப்பமாக எனக்குத் தோன்றியது ஒரு கடற்பயணமே.

இன்று ஹைத்தி எனப்படும் நாட்டில், 1785ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஆடுபன் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக் கப்பல் தலைவர். பிரான்சில் வளர்ந்த மகன், நெப்போலியனின் படையில் சேராதிருக்க 1803இல் அமெரிக்கா அனுப்பப்பட்டார். அங்கு வாணிகம் செய்தார். அடிமைகளை வாங்கினார், விற்றார். இக்களங்கத்தை நாம் மறைத்தல் தகாது. 1819இல் வாணிகம் நொடித்தது. கடனுக்காகச் சிறையும் சென்றார்.

எஞ்சியது ஓவியம் ஒன்றே. பறவையைச் சுட்டு வீழ்த்துவார். கம்பிகளால் உயிருள்ளது போல் நிறுத்துவார். இயல்பான அளவிலேயே வரைவார். மனைவி லூசி ஆசிரியப் பணி செய்து குடும்பத்தைத் தாங்கினார். 1827 முதல் 1838 வரை 435 படங்களாக வெளிவந்தது ‘அமெரிக்கப் பறவைகள்’ என்னும் பெருநூல்.

அந்நூலுக்குக் கடற்பறவைகளைத் தேடியே, 1833 ஜூன் 6ஆம் நாள், ‘ரிப்ளி’ என்னும் பாய்மரக் கப்பலில் லாப்ரடார் நோக்கிப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 48. மகனும் இளைஞர் நால்வரும் உடன் சென்றனர். ஜூன் 14ஆம் நாள், செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் செங்குத்தான பாறைத்தீவு ஒன்று தென்பட்டது. அதன் உச்சியில் பனி மூடியிருப்பதாக எண்ணினார். பனியன்று, அவை பறவைகள் என்றார் வழிகாட்டி மாலுமி. தொலைநோக்கியில் பார்த்தபின்தான் ஆடுபன் நம்பினார். அத்தனையும் கேனட் என்னும் வெண்ணிறக் கடற்பறவைகள்! ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் இனம் அது.

காற்று கடுமையாயிற்று. மகன் சென்ற படகு பாறையை அணுகியும் கரையேற இயலவில்லை. படகிலிருந்து சுட்டனர், அடிபட்டவை நீரில் வீழ்ந்தன, மற்றவற்றின் பேரிரைச்சலில் வேட்டொலியே அமிழ்ந்துபோயிற்று.

இத்தனை பெருங்கூட்டம் என்றேனும் அழியுமா? அழியும் என்பதை லாப்ரடார் கரையில் ஆடுபன் உணர்ந்தார். முட்டை வணிகர்கள் தீவுதோறும் சென்று பழைய முட்டைகளை மிதித்து நொறுக்குவர். பறவைகள் மீண்டும் இட்டதும் புதியவற்றை அள்ளிச் செல்வர். நால்வர் மட்டும் ஒரே பருவத்தில் ஏறத்தாழ 40,000 முட்டைகள் எடுத்ததை ஆடுபன் பதிவு செய்துள்ளார். இக்கொடுமையைக் கண்டித்து எழுதினார். ஆயினும் தம் துப்பாக்கியை அவர் கீழே வைத்தாரில்லை.

1844இல் பெரிய ஆக் என்னும் கடற்பறவையின் இறுதி இணை ஐஸ்லாந்துக்கு அருகே கொல்லப்பட்டது. 1851 ஜனவரி 27ஆம் நாள் ஆடுபன் மறைந்தார். லூசியிடம் பயின்ற கிரின்னல் என்பவர் 1886இல் பறவைகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கி, அதற்கு ஆடுபன் பெயரையே சூட்டினார். அந்தப் பாறைத்தீவும் 1919இல் பறவைகளின் சரணாலயமாயிற்று.

ஆடுபனைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. தூற்றி ஒதுக்கவும் வேண்டியதில்லை. கொன்ற கையே எச்சரிக்கையும் எழுதியது. அறிந்தும் தம் கையை அடக்காத அவர் குறை, விலங்கியல் பயிலும் நமக்கு ஒரு பாடம். அறிவு செயலாகும் நாளில்தான் பறவை பிழைக்கும்.