இந்தியாவின் முதல் பெண் நீதிபதி அன்னா சாண்டி

படித்த பெண்ணை உத்தியோகத்துக்கு அனுப்பினால் குடும்பம் என்னாகும் என்று தயங்குகிற தகப்பனார்கள் இன்றும் நம்மிடையே உண்டு. இந்தக் கேள்வி 1928ம் ஆண்டிலேயே திருவனந்தபுரத்தில் ஒரு பொதுக்கூட்டத்தில் எழுந்தது. பெண்களுக்குச் சர்க்கார் வேலை ஒதுக்கக் கூடாது என்று டி.கே.வேலுப்பிள்ளை என்ற பிரமுகர் பேசினார். அவருக்கு அங்கேயே மறுப்புச் சொன்னவர் அன்னா சாண்டி. அவருக்கு அப்போது வயது 23தான்.

1905ம் ஆண்டு மே 4ந் தேதி திருவாங்கூர் சமஸ்தானத்தில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அன்னா. 1926ல் சட்டப் பட்டம் பெற்றார். கேரளத்தில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. கணவர் பி.சி.சாண்டி போலீஸ் அதிகாரி. 1929 முதல் வக்கீல் தொழில் நடத்தி, கிரிமினல் வழக்குகளில் பெயர் வாங்கினார். 1930ல் 'ஸ்ரீமதி' என்ற பெண்கள் பத்திரிகையைத் தொடங்கினார்.

1931ல் ஸ்ரீமூலம் சட்டசபைத் தேர்தலில் நின்றார். அவர் நடத்தையைப் பழித்து எதிரிகள் சுவரொட்டி ஒட்டினார்கள். தோற்றுப் போனார். ஆனால் வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. மறு ஆண்டே மீண்டும் போட்டியிட்டு வென்று, 1934 வரை அங்கத்தினராக இருந்தார்.

உரிமை கேட்டவர், சலுகை கேட்கவில்லை. திருவாங்கூரில் பெண்களுக்குத் தூக்குத் தண்டனை விலக்கப்பட்டிருந்ததை அவரே எதிர்த்தார். சம உரிமை வேண்டுமென்றால் சம பொறுப்பும் ஏற்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

1937ல் திவான் சர் சி.பி.ராமசாமி அய்யர் அவரை முன்சீப்பாக நியமித்தார். இந்தியாவில் நீதிபதி நாற்காலியில் அமர்ந்த முதல் பெண்மணி ஆனார் அன்னா. மாவட்ட நீதிபதி பதவியை எட்ட மேலும் 11 ஆண்டுகள் ஆயின. 1959 பிப்ரவரி 9ந் தேதி கேரள ஐகோர்ட் நீதிபதியாகப் பதவி ஏற்றார். நாட்டின் எந்த ஐகோர்ட்டிலும் அதற்கு முன் பெண் நீதிபதி இருந்ததில்லை. 1967 ஏப்ரலில் ஓய்வு பெற்றபின் சட்டக் கமிஷனிலும் பணியாற்றினார். 1973ல் சுயசரிதை வெளியிட்டார். 1996 ஜூலை 20ந் தேதி தமது 91வது வயதில் காலமானார்.

அவர் ஐகோர்ட் ஏறுவதற்கு முந்தைய ஆண்டு, 1958ல், அதே கேரளத்தில் முன்சீப்பாகச் சேர்ந்தவர் பாத்திமா பீவி. 1989ல் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியாகி, 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் கவர்னராகவும் இருந்தார்.

மகளின் படிப்பை நிறுத்தலாமா என்று யோசிக்கும் பெற்றோர் அன்னா சாண்டியின் வாழ்க்கையை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.