வெண்பாக்கத்து ஊன்றுகோல்

திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகத் தோன்றிய நம்பியாரூரர், தம்பிரான் தோழர் எனப் போற்றப்பெற்றவர். ஏழாம் திருமுறையின் 100 பதிகங்களும் அவர் அருளியவை. அத்தோழமைக்கும் ஓர் இருண்ட காலம் நேர்ந்ததைச் சேக்கிழார் விரித்துரைக்கின்றார்.

திருவொற்றியூர் மகிழமரத்தடியில், பிரியேன் எனச் சங்கிலியாருக்குச் சூளுரைத்தவர், ஆரூர் வசந்த விழாவை நினைந்து ஊரெல்லையைக் கடந்தார்; கண்ணொளி இழந்தார். முல்லைவாயிலைத் தொழுது வெண்பாக்கம் அடைந்து, இறைவன் கோயிலுள் உளனோ என வினவினார். விடை வந்தது; ஆனால் அது தோழனுக்குரிய விடையன்று. தன் இருப்பை மட்டும் அறிவித்து, அயலாரை அனுப்புவதுபோல் மரியாதைப் பன்மையில் அவரை வழியனுப்பினான் இறைவன். கண் கிடைக்கவில்லை, ஊன்றுகோல் ஒன்றே கிடைத்தது.

அந்த அயன்மைச் சொல்லையே சுந்தரர் தம் பதிகத்தின் முடிபாக்கி, பாட்டின் ஈற்றில் திரும்பத் திரும்ப அமைத்தார். தம் பிழையை அவர் மறைக்கவில்லை. பொறுத்தருளாத தோழனிடம் முறையிடவும் தயங்கவில்லை. அக்கோலை ஊன்றியே மேலும் நடந்தார். காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் ஒளிபெற்றன.

பழைய வெண்பாக்கம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்துவிட்டது. பார்வை மீளுமோ என அறியாத நிலையில் பாடிய அப்பதிகமோ, விடை வாராத வேளையிலும் பாட வேண்டிய கவிஞர்க்கு வழித்துணையாய் நிற்கின்றது.