ஆகஸ்ட் குரோக்

டென்மார்க்குத் தேசத்திலே 1874-ஆம் ஆண்டிற் பிறந்த ஆகஸ்ட் குரோக், கோபன்ஹேகன் சர்வகலாசாலையில் கிறிஸ்தியான் போர் என்னும் பேராசிரியரிடம் உடலியல் ஆராய்ச்சி பயின்றார்.

நுரையீரலே பிராணவாயுவைச் சுரந்து இரத்தத்துட் செலுத்துகின்றதென்பது ஆசிரியர் கொள்கை. குரோக்கும், மருத்துவராகிய அவர்தம் மனைவி மேரியும் நுட்பமாய் அளந்து நோக்கியவழி, அவ்வாயு தானே பரவிச் செல்கின்றதென்பது புலனாயிற்று. குருவை மறுத்தலோ, கண்டதை மறைத்தலோ? 1910-இல் ஏழு கட்டுரைகள் வெளிவந்தன. ஆசிரியர்பால் தமக்குள்ள நன்றிக்கடனைக் கூறியே குரோக் மறுத்துரைத்தார். மாணாக்கராகிய நமக்கு, அவர் பெற்ற நோபெல் பரிசினும் இச்செயலே பெரிதாகத் தோன்றுகின்றது.

அப்பரிசு, தந்துகிகளின் இயக்கத்தை விளக்கியமைக்காக 1920-இற் கிடைத்தது. அதற்கு முன்னரே, 1913-இல், மின்காந்தத் தடையமைந்த நிலைச்சைக்கிள் ஒன்றை ஆக்கி, லிண்ட்ஹார்டு என்பாரோடு கூடி, உழைப்போர் மூச்சும் இரத்தவோட்டமும் மாறுமாற்றை ஆராய்ந்தார். 1928-இல் ராக்பெல்லர் நிதியால் எழுந்த ஆராய்ச்சிக்கூடத்திலே கிறிஸ்டென்சென், ஆஸ்முசென், நீல்சென் என்னும் இளைஞர் மூவர் இவ்விருவர் வழிநின்று தேகப்பயிற்சியை ஆராய்ந்தனர். அவருட் கிறிஸ்டென்சென் 1941-இல் ஸ்டாக்ஹோம் தேகப்பயிற்சிக் கல்லூரியிற் பேராசிரியரானார்.

1949-இற் குரோக் காலமானார். 1952-இற் கிறிஸ்டென்சென்னின் மாணாக்கர் ஆஸ்ட்ராண்டு, சிறாரும் ஆடவரும் மகளிரும் உழைக்கும் ஆற்றலை அளந்து டாக்டர் பட்டத்துக்குரிய நூலை வெளியிட்டார். அவர் அளந்த கருவிகளுள் ஒன்று நிலைச்சைக்கிள்.